கணினி கேள்வி–பதில்: ஆலயக் கணினிக்கு எந்த இயங்குதளம்?

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளைத்தான் இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. இம்முறை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த மூன்று கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்தில் உள்ள சிக்கல் நம் தோட்டப்புற ஆலயங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள் எல்லாவற்றிலும் இருப்பதால் அதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தோட்டத்து மாரியம்மன் ஆலயத்திற்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் செயலாளராக இருந்து வருகிறேன். ஆலயத்தின் மடிக்கணினி 2017இல் வாங்கியது. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று திரையிலேயே அறிவிப்பு வருகிறது. பட்டணத்துக் கடையில் 2,600 வெள்ளிக்கு (ரிங்கிட்) புதியது வாங்கச் சொல்கிறார்கள். என் மருமகனோ, பணமே செலவில்லாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். திருவிழா அழைப்புகள், கூட்டக் குறிப்புகள், உபயக்காரர் பட்டியல் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. வரவு செலவுக் கணக்கு எக்செலில் இருக்கிறது. தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கை என்பதால் வேறு விசைப்பலகை எனக்கு வராது. நான் யார் பேச்சைக் கேட்பது?
— ஆலயச் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, கடைக்காரர் மடிக்கணினியிலிருந்து தொடங்குகிறார், மருமகன் இயங்குதளத்திலிருந்து தொடங்குகிறார், இரண்டுமே பின்னால் வரவேண்டியவை. முதலில் பார்க்கவேண்டியவை மூன்று என்று உங்கள் கடிதமே சொல்லிவிட்டது: பாமினிக் கோப்புகள், எக்செல் கணக்கு, தட்டச்சில் பழகிய உங்கள் கை. இந்த மூன்றும் எங்கே சேதாரமில்லாமல் குடியேறுமோ அந்த இயங்குதளம்தான் உங்களுக்கு உரியது. அந்த இயங்குதளத்தை எந்தக் கணினி தாங்குமோ அதுவே போதும்.

அதற்கு முன், அவசரம் வேண்டாம். ஆதரவு நின்றதென்றால் கணினி நின்றுவிடும் என்று பொருளில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் இனி வாராவென்றே பொருள். வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13ஆம் தேதி வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நீட்டித்துத் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்திருக்கிறது. உங்கள் விண்டோஸ் 10 அதன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருந்தால், மைக்ரோசாப்ட் கணக்கு ஒன்றின் வழியே கணினி அமைப்புகளைக் காப்பெடுக்கச் சம்மதித்து இந்த நீட்டிப்பை இலவசமாகப் பெறலாம். அதற்கு மனமில்லாதவர்கள் 30 அமெரிக்க டாலர் ஒருமுறை செலுத்திப் பெறலாம். இந்த நீட்டிப்பைப் பெறாத கணினியில் ஆலயத்தின் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏன் மறுக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விசைப்பலகைக்கு அருகே ஒட்டியிருக்கும் சிறு வில்லையில் இன்டெல் என்றிருந்தால், செயலியின் முழுப் பெயரைக் கணினியின் அமைப்புப் பக்கத்தில் பாருங்கள். ஐ5-7200யு என்பது போல ஏதாவது இருக்கும். சிறுகோட்டிற்குப் பின் வரும் 7, அது ஏழாம் தலைமுறைச் செயலி என்பதைக் காட்டுகிறது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல் செயலிகளை ஏற்கிறது. அதோடு டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்கிறது. இந்தத் தடையைத் தாண்ட வைக்கும் குறுக்கு வழிகள் உண்டு. சில கடைகளில் செய்தும் கொடுக்கிறார்கள். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. பொதுமக்கள் பணத்தின் கணக்கு இருக்கும் கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன்.

இனிப் பாமினிக்கு வருவோம். இதுதான் விஷயத்தின் நடுமுடிச்சு. பாமினியில் நீங்கள் 'தமிழ்' என்று அடிக்கும்போது கோப்பில் உண்மையில் பதிவாவது தமிழ் எழுத்துகள் அல்ல. ஆங்கில ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஜே இருக்குமிடத்தில் 'த'வையும், அரைப்புள்ளி இருக்குமிடத்தில் மெய்ப்புள்ளியையும் வரைந்து காட்டும் வேலையை எழுத்துரு செய்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிவது இதனால்தான். இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, பாமினி விண்டோஸுக்கு மட்டும் கட்டுப்பட்டதல்ல. அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலோ ஆப்பிளின் மேக்கிலோ நிறுவினால் உங்கள் பழைய அழைப்புகள் அங்கேயும் அப்படியே தெரியும். ஆகவே, எதைச் செய்தாலும் முதல் வேலையாக, சி வட்டில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையைத் திறந்து பாமினியையும், ஆலயத்திற்காகப் பயன்படுத்திய மற்றத் தமிழ் எழுத்துருக்களையும் ஒரு விரலியில் (பென்டிரைவ்) நகலெடுத்து வையுங்கள். எழுத்துரு தொலைந்தால் கோப்புகள் இருந்தும் படிக்க முடியாத நிலை வந்துவிடும்.

மற்றொன்று, பாமினிக் கோப்பில் ஒரு சொல்லைத் தமிழாகவே தேட முடியாது, கைப்பேசியில் படிக்க முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது. அடுத்து வரும் செயலாளர் இளையவராக இருந்தால் அவருக்கு அது புரியாத பழஞ்சுவடி. ஆகவே, தமிழைத் தமிழ் எழுத்தாகவே பதியும் பொதுக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோட்) படிப்படியாக மாற்றுவதே நல்லது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு நொடியில் மாற்றிவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: மாற்றிக்கு எது தமிழ், எது மலாய், எது ஆங்கிலம் என்று தெரியாது. உபயக்காரர் முகவரியில் சாலையைக் குறிக்கும் 'ஜாலான்' என்ற மலாய்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தால், அதையும் தமிழாகக் கருதி 'துயட' என்று தொடங்கும் பொருளற்ற சொல்லாக்கிவிடும். தோட்டங்களின் பெயர், தாமான் (குடியிருப்பு) பெயர், வாகன எண் எல்லாம் இதில் சிக்கும். ஆகவே முகவரிப் பட்டியலை மொத்தமாகக் கொட்டி மாற்றாமல், தமிழ்ப் பத்திகளை மட்டும் தேர்ந்து மாற்றி, பழைய கோப்பைப் பக்கத்திலேயே வைத்து ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். பதினெட்டு ஆண்டுகளையும் மாற்ற வேண்டியதில்லை. நடப்பு உபயக்காரர் பட்டியல், ஆலயச் சட்டதிட்டம், கடந்த மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகள் ஆகியவை முதலில் மாறட்டும். மற்றவற்றைப் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துவிட்டால் எழுத்துரு உள்ளேயே பதிந்து எந்தக் கணினியிலும் தெரியும்.

உங்கள் கையைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. ஒருங்குறியில் எழுதுவதென்றால் தமிழ் 99 விசைப்பலகையைத்தான் கற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ் 99 நல்ல அமைப்புத்தான். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு அதையே நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் நாற்பது ஆண்டுப் பழக்கத்தை மாற்றச் சொல்வது நியாயமில்லை. விண்டோஸில் தமிழ் 99, ஆங்கில எழுத்தின் ஒலிப்பை வைத்துத் தமிழை அடிக்கும் அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் 2019 முதல் உள்ளேயே இருக்கின்றன. பழைய தட்டச்சு அமைப்பு வேண்டுமென்றால் இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதியோடு எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால், தமிழுக்குரிய பட்டியலில் தட்டச்சு அமைப்பும் இருக்கும். பாமினியின் விசைகளும் பெரும்பாலும் தட்டச்சு இயந்திரத்தை ஒட்டியே அமைந்தவை என்பதால் உங்கள் விரல்கள் ஏறக்குறைய அதே இடங்களுக்குத்தான் போகும்.

எக்செல் கணக்கை லிப்ரே ஆபிஸ் திறக்கும். 2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வளர்ந்த இலவச மென்பொருள் இது; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆகவே இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன்பே, இப்போதிருக்கும் விண்டோஸ் 10இலேயே இதை நிறுவி ஒரு மாதம் புழங்கிப் பாருங்கள். சென்ற ஆண்டுக் கணக்குக் கோப்பின் நகலைத் திறந்து, தணிக்கையாளர் கையெழுத்திட்ட அச்சுப்படியோடு ஆண்டிறுதி மீதத்தைச் சரிபாருங்கள். கூட்டல், சதவீதம் போன்ற சாதாரணச் சூத்திரங்கள் பிசகுவதில்லை. மேக்ரோ எனப்படும் தானியங்கி நிரல்கள் யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அவை எல்லாம் ஓடும் என்று சொல்ல முடியாது. எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற உள்நாட்டுக் கணக்கு மென்பொருள்களை உங்கள் ஆலயம் பயன்படுத்துவதாக இருந்தால் பேச்சு வேறு. அவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை, நீங்கள் விண்டோஸிலேயே இருங்கள். சங்கப் பதிவிலாகாவின் இணையச் சேவை, வருமான வரி, வங்கி முதலியவை உலாவியில் (பிரவுசர்) ஓடுவதால் அவற்றுக்கு எந்த இயங்குதளமும் தடையில்லை.

இந்த ஒரு மாதம் நல்லபடியாகக் கழிந்தால் மருமகன் சொல்லும் லினக்ஸைச் சோதிக்கலாம். விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு லினக்ஸ் மின்ட் பொருத்தமானது; கீழே இடப்பக்க மூலையில் பட்டியல், வலப்பக்க மூலையில் கடிகாரம் என்று பழகிய வீடு போலவே இருக்கும். மின்ட் 22 பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. மருமகனிடம் 8 ஜிபி விரலி ஒன்றில் மின்டை எழுதித் தரச் சொல்லுங்கள். கணினியை இயக்கும்போது எச்பி என்றால் எஃப்9, டெல் அல்லது லெனோவோ என்றால் எஃப்12 விசையைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும், விரலியைத் தேர்ந்தெடுங்கள். எதையும் நிறுவாமல், உங்கள் வட்டைத் தொடாமல், முழு இயங்குதளமும் விரலியிலிருந்தே ஓடும். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அச்சுப்பொறியை இணைத்து ஒரு திருவிழா அழைப்பை அச்சிடுங்கள். அண்மை ஆண்டுகளில் வந்த, ஏர்பிரிண்ட் எனும் நேரடி அச்சு வசதியுள்ள அச்சுப்பொறிகள் தனி மென்பொருள் இல்லாமலே வேலை செய்யும். பழைய லேசர் அச்சுப்பொறிகளில் சில முரண்டு பிடிக்கும். அச்சுப்பொறி ஒத்துழைக்காத லினக்ஸை ஆலயத்திற்கு வைப்பது, உண்டியல் இருந்தும் சாவி இல்லாத கதைதான்.

இந்தச் சோதனையெல்லாம் தேறினால் என் முடிவு இது: 2,600 வெள்ளியைச் செலவழிக்காதீர்கள். உங்கள் கணினியில் இருப்பது பழைய சுழலும் வன்வட்டாக இருந்தால், அதைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நினைவகம் 4 ஜிபியாக இருந்தால் 8 ஜிபியாக உயர்த்துங்கள். கணினி வேகம் பெறுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். மின்டைப் புதிய எஸ்எஸ்டியில் நிறுவுங்கள். கழற்றிய பழைய வட்டைத் துடைக்கவும் விற்கவும் வேண்டாம். ஆலயத்தின் பெயரையும் தேதியையும் எழுதி உறையிலிட்டு அலமாரியில் வையுங்கள். ஏதாவது ஒத்துவரவில்லையென்றால் திருகாணி நான்கைக் கழற்றி அந்த வட்டைத் திரும்பப் போட்டால், விண்டோஸ் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணினியைப் பட்டணத்துக் கடை ஒன்றில் கொடுத்து இயங்குதளத்தைப் புதுப்பிக்கச் சொன்னோம். 'டி வட்டில் இருப்பது அப்படியே இருக்கும்' என்றுதான் சொன்னார்கள். திரும்பி வந்தபோது சி, டி என்று இரண்டு பகுதிகளாக இருந்த வட்டு ஒரே வெற்றுப் பகுதியாக இருந்தது. பழைய தோட்டத்துப் பள்ளிக் கட்டடம் இடிபடுவதற்கு முன் எடுத்த படங்கள் அதில் இருந்தன. வேறு நகல் கிடையாது. அந்தக் கட்டடமும் இன்று இல்லை. அன்றிலிருந்து யார் கணினியைத் தொட்டாலும், முதலில் வெளிவட்டில் ஒரு நகல், மேகச் சேமிப்பில் ஒரு நகல் என்று இரண்டு எடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே திருப்புளியை எடுக்கிறேன்.

ஒன்றை மட்டும் உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் கேட்டுவிடுங்கள். மருமகன் வெளியூர் போய்விட்டால் லினக்ஸில் ஒரு சிக்கலை யார் தீர்ப்பார்? ஒருவராவது இருக்கிறார் என்றால் தயங்காமல் மாறுங்கள். யாருமில்லை என்றால், நிர்வாகத்தினர் எல்லோருக்கும் பழகிய விண்டோஸ் 11 உள்ள ஓர் எளிய கணினியை வாங்குவதில் தவறில்லை. அப்போதும் லிப்ரே ஆபிஸையும் ஒருங்குறியையும் விடாதீர்கள். ஆண்டுதோறும் கட்டும் மென்பொருள் சந்தாவாவது மிஞ்சும்.

கேள்வி: வணக்கம். நான் செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் மகளுக்கு ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் சிவில் பொறியியல் டிப்ளோமா படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பள்ளியில் படித்தபோது குரோம்புக்கில்தான் எல்லாம் செய்தாள். அவள் தோழி மேக் வாங்கச் சொல்கிறாள். கடையில், பேட்டரி நாள் முழுக்க நிற்கும் என்று ஸ்னாப்டிராகன் செயலி உள்ள விண்டோஸ் மடிக்கணினியைக் காட்டினார்கள். எது சரி?
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, மகளுக்கு என் வாழ்த்துகள். குரோம்புக்கில் எல்லாமே உலாவிக்குள் நடந்தன. பொறியியல் படிப்பில் அது போதாது. சிவில் பிரிவில் ஆட்டோகேட் எனும் மென்பொருளில் வரைபடம் வரைவார்கள். கட்டட மாதிரிக்கு ரெவிட் எனும் மென்பொருளும் வரலாம். ஆட்டோகேடுக்கு விண்டோஸ் பதிப்பும் மேக் பதிப்பும் உண்டு. ரெவிட் விண்டோஸுக்கு மட்டுமே உண்டு. இந்த ஒரு காரணமே மேக்கை ஒதுக்கப் போதும். ஸ்னாப்டிராகன் கணினியின் பேட்டரி நன்றாக நிற்பது உண்மைதான். ஆனால் அது கைப்பேசிகளில் இருப்பதைப் போன்ற ஏஆர்எம் வகைச் செயலி. ஆட்டோகேடின் தேவைப் பட்டியலில் ஏஆர்எம் செயலிகளுக்கு ஆதரவு இல்லை. எனவே இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி உள்ள விண்டோஸ் 11 மடிக்கணினியைக் கேளுங்கள். நினைவகம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 512 ஜிபி, முழு எச்டி திரை இருக்க வேண்டும். நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, பின்னர் கூட்ட இடமுண்டா என்று கடைக்காரரிடமே கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று 64 ஜிபி அல்லது 128 ஜிபி இஎம்எம்சி எனும் மலிவு வகைச் சேமிப்பு உள்ளவற்றை வாங்கிவிடாதீர்கள். சில மாதங்களில் புதுப்பிப்புக்கே இடமிருக்காது.

மென்பொருளுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு ஆட்டோகேடையும் ரெவிட்டையும் இலவசமாகத் தருகிறது. மாணவர் என்பதை உறுதிப்படுத்தி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 'எல்லாம் போட்டுத் தருகிறோம்' என்று கடைகளில் ஏற்றித் தரும் திருட்டுப் பிரதிகளோடு சேர்ந்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. கல்லூரியில் பதிவு நாளன்று துறையில் மென்பொருள் பட்டியல் கேட்டு வாங்கி, அதன் பிறகே கடைக்குப் போங்கள். நீங்கள் வருமான வரி செலுத்துபவராக இருந்தால் ரசீதை உங்கள் பெயரில் எடுங்கள். பிள்ளைக்கு வாங்கும் கணினிக்கும் 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை வரிக்கழிவில் இடமுண்டு.

கேள்வி: ஐயா, நான் திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் தொழிலைத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை விண்டோஸ். இப்போது 2019இல் வந்த மேக்புக் புரோ ஒன்று பழைய விலைக்கு வருகிறது. வாங்கலாமா? மேக்கில் தமிழ் ஒழுங்காக வருமா?
— இளைஞர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, வாங்க வேண்டாம். அது இன்டெல் செயலி உள்ள மேக். 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. பழையதுதான் வாங்க முடியும் என்றால், 2020 நவம்பரில் வெளிவந்த எம்1 செயலியோ அதற்குப் பிந்தியதோ உள்ள மேக்புக் ஏரைத் தேடுங்கள். அதன் நினைவகத்தைப் பின்னர் கூட்டவே முடியாது என்பதால் 16 ஜிபி கிடைத்தால் பொறுத்திருந்து வாங்குங்கள். முந்தைய உரிமையாளர் தம் ஆப்பிள் கணக்கை உங்கள் கண்முன்னே நீக்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள். இல்லையென்றால் பூட்டிய பெட்டியை வாங்கியதாகிவிடும்.

தமிழைப் பொறுத்தவரை மேக் குறை வைக்காது. தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும் அதோடு வருகிறது. அதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. சிக்கல் வருவது வடிவமைப்பு மென்பொருளில்தான். இல்லஸ்ட்ரேட்டரில் ஒருங்குறித் தமிழை ஒட்டியதும் கொம்பும் துணைக்காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றால் பதறாதீர்கள்; எழுத்து அமைப்புகளில் மத்தியக் கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்கினால் சேர்ந்துவிடும். உங்கள் அச்சகம் இன்னும் பழைய எழுத்துருவோடு கோரல்ட்ரா கோப்பைத்தான் கேட்கிறது என்றால், மணமக்கள் பெயர் உட்பட எல்லா எழுத்துகளையும் வளைகோடுகளாக மாற்றிய பிடிஎஃப் ஒன்றை முதலில் கொடுத்து, ஒரே ஒரு அட்டையை அச்சிட்டுப் பார்த்துவிட்டு மேக்குக்கு முன்பணம் கட்டுங்கள்.